கதவுக்குள் இருந்த நீலம்

புரோக்கன் ஹில்
4 மார்ச் 1996

திருமதி மெர்ல் அவர்களுக்கு,

போன வாரம் தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். தப்பில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் நோலீன். கிளெம்மின் இரண்டாவது மனைவி. இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். போன ஆகஸ்டில் நுரையீரல் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. செய்தி உங்களுக்கு எட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயம் காரைப் பற்றியது. நீங்களும் கிளெம்மும் 63-இல் பர்னியில் புதிதாக வாங்கிய அந்த ஹோல்டன் என் கொட்டகையில்தான் நிற்கிறது. நான் அறிந்த நாளிலிருந்து அது வெள்ளைக் கார். போன வருடம், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கிய சமயத்தில், கிளெம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்துக்கு மேலே இருந்த வெள்ளையைச் சுரண்ட ஆரம்பித்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டியிருப்பார். கீழே வெளிறிப்போன ஒரு நீலம் தெரிந்தது. "என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றார். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் முடிக்கப் போகிறேன். தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில் வெளியே வந்ததோ அந்த நிறத்துக்கே கொண்டுவரப் போகிறேன். அசல் முன்கதவுகள் இரண்டும் உங்கள் கொட்டகை உத்தரத்தில் தொங்குவதாக அவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தருவீர்களா? கொண்டுவரும் செலவெல்லாம் என்னுடையது.

இப்படிக்கு,
நோலீன் பாஸ்கோ


பர்னி
13 மார்ச்

அம்மணி,

கிளெம் போனதை அவன் தங்கை சொன்னாள்.

கதவுகள் இருக்கின்றன. தர மாட்டேன்.

அவை எப்படி இங்கே நின்றுபோயின என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். உப்புக்காற்றில் அடிப்பக்கம் அரித்துப்போன கதவுகளைக் கழற்றி, அவனே தகரம் வெட்டிப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் என் அக்காவுக்கு ஆபரேஷன். நான் ஹோபார்ட் போயிருந்தேன். திரும்பி வந்தால் கார் இல்லை, புருஷன் இல்லை, கதவுகள் மட்டும் இருக்கின்றன. கதவில்லாத காரில் எப்படித்தான் கிளம்பிப் போனானோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்தக் கல்யாணத்தில் நான் சொல்லி நடந்த காரியம் அது ஒன்றுதான். உங்கள் ஊருக்குப் போன கையோடு காரை வெள்ளையாக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். காகித ஆலையில் காலமெல்லாம் தாள் பிரித்தவள் நான். வெள்ளையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன கண் இது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தான். அந்த வெள்ளையை அவன் காருக்கு அடிக்கவில்லை, என் முகத்தில் அடித்தான்.

இப்போது நீங்கள் வந்து நீலம் வேண்டும் என்கிறீர்கள். மூத்தாள் எடுத்த நிறத்தின் மேல் இளையாளுக்கு அப்படி என்ன ஆசை?

வெள்ளையாகவே இருக்கட்டும்.

மெர்ல்


புரோக்கன் ஹில்
22 மார்ச்

திருமதி மெர்ல்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனேன். கோபத்தில்தான் போனேன், ஒளிக்கவில்லை. கையில் சுரண்டியை எடுத்துக்கொண்டு, இப்போது மாட்டியிருக்கிற கதவுகளின் வெள்ளையை உரித்தேன்.

கீழே நீலம் இல்லை. ஓட்டுபவர் பக்கத்துக் கதவு பழுப்பு. மறுபக்கம் சிவப்பு. இரண்டும் வேறு வேறு கார்களிலிருந்து உடைசல் கடையில் வாங்கி மாட்டியவை. அந்தக் கோலத்தில்தான் உங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி இங்கே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நீலம், பழுப்பு, சிவப்பு என்று சர்க்கஸ் வண்டி மாதிரி நின்றதை ஒரே நிறமாக்கத்தான் வெள்ளை அடித்திருக்க வேண்டும். உங்கள் முகத்தில் அடித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று. என்ஜினுக்குப் பக்கத்தில் அறைந்திருக்கும் தகட்டில் நிறத்தின் எண் இருந்தது. இங்கே பெயிண்ட் கடை வைத்திருக்கும் டுஷான் அந்த எண்ணுக்கு உரிய கணக்கைத் தேடிப் பிடித்துக் கலந்து கொடுத்தார். ஓர் அட்டையில் அடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். கதவுகள் வேண்டாம். இது அந்த நிறம்தானா என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.

நோலீன்


பர்னி
2 ஏப்ரல்

நோலீன் அம்மணிக்கு,

பழுப்பும் சிவப்பும்! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கப்பலில் அந்தக் காரை ஏற்றியபோது பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

உங்கள் அட்டை மோசம். நீலத்துக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் இருக்கும். சாம்பல் தூக்கலாகத் தெரிகிறது. எங்கள் நிறம் அது இல்லை. எங்கள் ஓட்டுக்கூரையில் ஸ்டார்லிங் பறவை கூடு கட்டும். அதன் முட்டை மாதிரி தெளிவான நீலம். கார்க் கடையில் அதைப் பார்த்த நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கிளெம்முக்கு வெள்ளைதான் வேண்டும். "வெள்ளதான் வெயிலுக்குச் சூடாவாது" என்றான்.

"பர்னியில ஏது வெயிலு?" என்றேன்.

"ஓட்டப்போறவன் நானு."

"பாக்கப்போறவ நானு. உள்ள உக்காந்துட்டா உனக்கு எந்தக் கலர் தெரியப்போவுது?"

கடைக்காரர் திரும்பி நின்று சிரித்தார். கிளெம்மும் சிரித்துவிட்டான். அதோடு நீலம் முடிவானது. அவன் சிரித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா? வாய் திறக்காமல், தோள் மட்டும் குலுங்கும்.

சரி. வெள்ளைக்குக் காரணம் உடைசல் கதவு என்றால், நான் ஒன்று சொல்கிறேன். கதவுகள் என் வீட்டை விட்டு நகராது. நீங்கள் அங்கே காருக்கு அடியுங்கள், நான் இங்கே கதவுகளுக்கு அடிக்கிறேன். பக்கத்து வீட்டு விக் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர், தெளிப்பான் வைத்திருக்கிறார். ஆனால் நிறம் சரியாக வராதவரை ஒரு சொட்டுக்கூட விழாது. வேறு அட்டை அனுப்புங்கள்.

மெர்ல்


புரோக்கன் ஹில்
15 ஏப்ரல்

அன்புள்ள மெர்ல் அவர்களுக்கு,

ஆமாம், தோள்தான் குலுங்கும்.

முட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதை டுஷானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முட்டைய வச்சி நான் எப்படிம்மா கலக்கறது? அந்தக் காலத்து மஞ்சப் பொடியில ஈயம் இருந்துச்சு, இப்ப அது வர்றதே இல்ல. இருக்கறத வச்சித்தான் கிட்ட கொண்டுபோவணும்" என்றார். ஆனாலும் மனுஷர் சளைக்கவில்லை. அடித்து, காயவைத்து, வாசலில் வெயிலில் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு கூட்டி, மறுபடி அடித்து, இரண்டாவது அட்டை தயாரானது. இணைத்திருக்கிறேன். மேகம் இல்லாத நேரத்தில் வெளியே எடுத்துப்போய்ப் பாருங்கள். இங்கே வெயில் ஒளிவுமறைவு இல்லாமல் அடிக்கும். உங்கள் ஊர் வெளிச்சத்தில் அதே அட்டை வேறு மாதிரி தெரியும் என்கிறார் டுஷான்.

பழைய கார் சங்கத்து டிரெவர் நேற்று எட்டிப் பார்த்தார். "எதுக்கு இவ்ளோ அல்லாடறே? ஏதோ ஒரு நீலத்த அடிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும். பர்னியில ஒருத்தவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

ஓர் உதவி வேண்டும். கதவுகளின் உட்பக்க அட்டையைக் கழற்றினால், வெயிலே படாத அசல் பூச்சு அப்படியே இருக்குமாம். அதைப் பார்த்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் டுஷானுக்கும் வாக்குவாதமே இருக்காது.

நோலீன்


பர்னி
29 ஏப்ரல்

நோலீன் அம்மணிக்கு,

விக்கும் நானுமாகக் கதவுகளை இறக்கினோம். உள் அட்டையைப் பிடித்திருந்த திருகுகள் ஒவ்வொன்றும் உயிரை வாங்கின. கழற்றி, தூசியைத் துடைத்தேன்.

பச்சை.

நீலம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் காட்டினாலும் பச்சை என்றுதான் சொல்வார்கள். விக்கும் அதையே சொன்னார். மற்ற கதவையும் திறந்தேன். அதுவும் பச்சை. வெளியே வைத்துப் பார்த்தேன், ஜன்னலோரம் பார்த்தேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

உங்கள் இரண்டாவது அட்டை வந்தபோது, இதுதான் என்று கத்தியிருக்கிறேன். அதைக் கதவின் பக்கத்தில் வைத்தால் ஒட்டவே இல்லை.

இத்தனை வருடமாக நீலம் நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. இது தப்பு என்றால் வேறு எதெல்லாம் தப்பு? கடையில் அவன் சிரித்தானா? பேசாமல் கிளம்பிப் போனவன் அவன்தானா, இல்லை நான் ஏதாவது சொல்லி அனுப்பினேனா? இரண்டு நாளாக இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. உங்களிடம் போய் எழுதுகிறேன் பாருங்கள்.

கதவுக்குள் ஒரு சின்னத் தகர மூடி திருகியிருந்தது. அதுவும் அதே பூச்சுதான். அதை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். என் பேச்சை இனி நம்ப வேண்டாம்.

மெர்ல்


புரோக்கன் ஹில்
8 மே

அன்புள்ள மெர்ல் அவர்களுக்கு,

மூடி வந்து சேர்ந்தது. தொலைந்துபோகக் கூடாது என்று அதன் குறுக்கே ஒரு காகித நாடா ஒட்டி, உங்கள் பெயரை எழுதி, சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

பச்சைதான். ஆறுதலுக்காகப் பொய் சொல்லி உங்களை அவமதிக்க மாட்டேன். காரில் வெள்ளைக்கு அடியில் தெரிகிற நீலம் வெயிலில் வெளிறிப்போனது, அதை நம்ப முடியாது என்கிறார் டுஷான். தொழிற்சாலை நிறம்தான் வேண்டும் என்று கிளம்பினேன், தொழிற்சாலை நிறம் கையில் இருக்கிறது. டுஷானிடம் பச்சையில் கலக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கூரையிலிருந்து ஆரம்பிக்கிறோம். உங்கள் கதவுகளுக்கு ஒரு டப்பா தனியாக வரும்.

நிறம் மறந்துபோவது பெரிய விஷயமில்லை. என் அம்மாவின் கண் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நோலீன்


பர்னி
16 மே

எப்படி வேண்டுமோ அப்படிச் செய்யுங்கள். டப்பா அனுப்ப வேண்டாம். கதவுகளை மறுபடி மேலே ஏற்றிவிட்டேன்.

மெர்ல்


புரோக்கன் ஹில்
3 ஜூன்

மெர்ல் அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கூரையும் பின்பக்கமும் பச்சை அடித்து முடித்திருந்தோம். நேற்றுக் காலை டுஷான் வந்து, "அந்த மூடிய குடும்மா, கடைசியா ஒரு தடவ ஒத்துப் பாத்துக்கறேன்" என்றார். ஜன்னலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் காரின் மேல் வைத்தார். முகம் மாறிவிட்டது. "இது வேற மூடிம்மா" என்றார்.

"வேற மூடி ஏது? உங்க கண்ணு எதிர்லதான் உறையிலேருந்து எடுத்தேன்."

"இது நீலமால்ல இருக்கு!"

நீங்கள் சொன்ன நீலம். அந்த முட்டை நீலம். உங்கள் பெயர் எழுதிய நாடாவைப் பிய்த்தேன். நாடாவுக்கு அடியில் மட்டும் ஒரு பட்டை, நீங்கள் அனுப்பிய நாளில் இருந்த அதே பச்சை. சுற்றிலும் நீலம்.

என் சமையலறை ஜன்னல் வடக்கே பார்த்தது, நம் நாட்டில் சூரியன் சாய்ந்து போகிற பக்கம். நாளெல்லாம் வெயில் விழும். டுஷான் அந்தப் பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எண்ணெய்ப் பெயிண்டும்மா இது. இருட்டுல பூட்டி வச்சா மஞ்சளாப் போயிடும். நீலத்து மேல மஞ்ச ஏறினா பச்சையாத்தான தெரியும்? வெயில்ல வச்சா அந்த மஞ்ச போயிடும். எனக்கு இது முன்னாடியே உறைச்சிருக்கணும்."

கதவுக்குள் முப்பத்து மூன்று வருட இருட்டு. நீங்கள் பார்த்தது நிறம் அல்ல, அதன் மேல் ஏறிய மஞ்சள். நீங்கள் எதையும் தப்பாக நினைவு வைத்திருக்கவில்லை, மெர்ல். நிறத்தையும் சரி, அவர் சிரித்ததையும் சரி.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மூடியை டிராயரில் போட்டுவிட்டுப் பச்சையாகவே முடித்திருக்கலாம். ஒரு நிமிஷம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் நீலம் என் கொட்டகையில் தினமும் நிற்கப் போகிறது என்ற நினைப்பு எனக்கு அவ்வளவு லேசானது இல்லை. ஆனால் இது சரியாக வர வேண்டும்.

இன்று காலை முதல் பச்சையை உரித்துக்கொண்டிருக்கிறேன்.

நோலீன்


பர்னி
10 ஜூன்

நோலீன்,

பச்சையை உரித்துவிட்டுச் சும்மா இரு. மூடி சின்னது, அதை வைத்து ஒரு கார் முழுக்கக் கலக்கக் கூடாது. கதவு முழுசாக வெயிலில் நிற்க வேண்டும். இங்கே ஜூன் மாதக் குளிரில் வெயில் என்றால் ஆலைக்காரர்கள் லீவு விடுவார்கள்.

விக்கின் வண்டியைக் கேட்டு வாங்கிவிட்டேன். அவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வியாழக்கிழமைக் கப்பலில் கதவுகளை ஏற்றுகிறேன். மெல்போர்னிலிருந்து மில்டூரா வழியாக நானே ஓட்டி வருகிறேன். அறுபத்தைந்து வயதுப் பெண்பிள்ளை தனியாக எப்படி என்று போன் செய்து கேட்காதே, மறுபடி வைத்துவிடுவேன்.

எனக்கு ஆட்டுக்கறி ஒத்துக்கொள்ளாது. மற்றது எதுவும் பரவாயில்லை.

மெர்ல்


புரோக்கன் ஹில்
14 அக்டோபர்

அன்புள்ள மெர்ல் அக்கா,

நேற்று சங்கத்துக் கண்காட்சி. நீங்கள் இருந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு கடைசிப் பூச்சும் காய்ந்தது. கதவுகளை மாட்டினோம். சாத்தும்போது அந்த உடைசல் கடைக் கதவுகள் தகரமாய் அலறும், ஞாபகம் இருக்கிறதா? இவை மெதுவாகத் தட்டினால் போதும், சொன்னபடி உட்காருகின்றன. கிளெம் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்த டிரெவர், "நல்ல கைம்மா" என்றார்.

எப்படிக் கலந்தோம், எத்தனை அட்டை, தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்த்து வைத்த கதவுகள் நாளுக்கு நாள் நீலமானதை நீயும் நானும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்தது, இதெல்லாம் ஊருக்கே தெரியும். நீயும் நானும் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

கண்காட்சிக்கு நடுவர் அடிலெய்டிலிருந்து வந்திருந்தார். கையில் அந்தக் காலத்து வண்ணப் புத்தகம், உறை போட்டு வைத்திருந்தார். காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் புத்தகத்தை உங்கள் கதவின் மேல் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கலர் மட்டும் தப்பிப்போச்சேம்மா. புத்தகத்துல இன்னும் பச்சையா இருக்கு பாருங்க."

"இந்தப் புத்தகத்த எங்க வச்சிருந்தீங்க இத்தன வருஷமா?" என்று கேட்டேன்.

"பீரோவுலதான். வெளிச்சம் பட்டா வெளுத்துடும்ல?"

"அப்ப அதையும் ஒரு மாசம் வெயில்ல காயப் போட்டுட்டு வந்து பேசுங்க."

டுஷான் எனக்குப் பின்னால் நின்று இருமினார். நடுவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க சொல்றதுக்குச் சாட்சி எதாவது இருக்கா?" என்றார்.

"இருக்கு. வாங்கின அன்னிக்குக் கடையில நின்னு இந்தக் கலர எடுத்தவங்க, இதே கதவு பக்கத்துல நின்னு, இதுதான்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"யாரு அது?"

"என் வீட்டுக்காரரோட மூத்த சம்சாரம்."

 பக்கத்தில் நின்று, கறி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நடுவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார். ஆனாலும் தாளில் "நிறம் அசல் அல்ல" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுத்தான் போனார். பரிசு பக்கத்து வண்டிக்குப் போய்விட்டது.

எனக்கு வருத்தம் இல்லை. இரவு நேராக வீட்டுக்கு வராமல் ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கிளம்புகிற அன்று நான் கேட்டேனே, அவர் எதற்காகச் சுரண்டினார், உங்களை நினைத்தா என்று. "கூட இருந்தவ நீ. என்னைப் போய்க் கேக்கறியே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள். அன்று கோபம் வந்தது. நேற்று வரவில்லை. அவர் நம் இருவரிடமும் எதையுமே முழுசாகச் சொன்னதில்லை, அதில் மூத்தாள் இளையாள் என்று பாகுபாடு பார்க்கவில்லை. இனி நான் அதைக் கேட்கப் போவதில்லை. கார் ஓடுகிறது, அதை நான் ஓட்டுகிறேன்.

அன்புடன்,
நோலீன்


பர்னி
21 அக்டோபர்

நோலீன்,

பரிசு போனால் போகட்டும். ஆனால் "நிறம் அசல் அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அடிலெய்டில் இருக்கிறது. அதை அப்படியே விட முடியாது.

அந்த ஆளின் முகவரியை அனுப்பு.

மெர்ல்